வராத செய்தியின் அரசியல்

பத்திரிகை என்று பேச்செடுத்தாலே பொய்ச் செய்தி, பக்கச்சார்பு, விலைபோன ஊடகம் என்றுதான் உரையாடல் போகிறது. அதையெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் பொறுத்தவரை என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அச்சில் வந்த பொய் அல்ல, அச்சுக்கே வராமல் போன செய்தி. பொய் வந்தால் மறுப்பு எழுதலாம், வழக்குப் போடலாம், நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்கலாம். வராத செய்திக்கு யார் மறுப்பு எழுதுவது? அப்படி ஒன்று வராமல் போயிற்று என்பதே யாருக்கும் தெரியாதே.

ஒரு பாலம் திறப்பு விழாச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பக்கத்தில் மூன்று பத்தி, ஒரு படம். திறந்து வைத்தவர் யார், தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்திப் பேசியவர்கள் யார் யார் என்பதெல்லாம் பதவி வரிசை பிசகாமல் இருக்கும். பாலத்துக்கு முதலில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, முடிவில் ஆன செலவு எவ்வளவு என்று இருக்காது. வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் யார், டெண்டரில் வேறு யாராவது கலந்துகொண்டார்களா, ஏன் இத்தனை தாமதம், நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பது எதுவும் இருக்காது. அந்தச் செய்தியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. விழா நடத்தியவர்களே எழுதி அனுப்பிய குறிப்பு அது. தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கு அந்த நிருபரைத் திட்டிப் பயனில்லை. காவல்துறை, நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், நகராட்சி, விளையாட்டு எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும். பல இடங்களில் விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். நேற்று யாரைக் கேள்வி கேட்டாரோ அவரிடமே இன்று பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் கேட்டுப் போய் நிற்க வேண்டும். இந்த நிலைமையில் முதலில் கைவிடப்படுவது நகர்மன்றக் கூட்டம். அரை நாள் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் ஒரு செய்தியும் தேறாது. அந்த நேரத்தில் நாலு செய்திக்குறிப்பைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடலாம்.

ஆனால் உள்ளூர் அதிகாரம் வெளிப்படுவது அந்த மாதிரிக் கூட்டங்களில்தான். "ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்க மன்றத்தின் அனுமதி கோரப்படுகிறது" என்று ஒரு பொருள் வரும். விவாதம் இல்லாமல் அரை நிமிடத்தில் நிறைவேறும். புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு அது சாதாரண அலுவலக வாசகம். முந்தைய கூட்டங்களிலும் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் இது எத்தனையாவது நீட்டிப்பு என்பது தெரியும், எழுந்து போய் ஆணையரிடம் கேட்கத் தோன்றும். ஒன்றும் கிடைக்காத நாட்களுக்கும் சேர்த்து ஒரு நிருபருக்குச் சம்பளம் கொடுத்தால்தான் கிடைக்கும் அந்த ஒரு நாள் வாய்க்கும். உள்ளூர்ப் பத்திரிகையின் கணக்கே இதுதான். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல் போனதிலிருந்துதான் சரிவு தொடங்குகிறது.

கட்டுப்படியாகாமல் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். வாசகர் கொடுக்கும் காசில் மட்டும் பெரும்பாலான பத்திரிகைகள் ஓடியதில்லை. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய வண்டி விற்பனைக்கு என்று வந்த வரி விளம்பரங்கள்தான் நிருபரின் சம்பளத்தைக் கொடுத்தன. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற ஒரே ஒரு இலவச விளம்பரத் தளத்தால் 2000 முதல் 2007 வரை அமெரிக்கப் பத்திரிகைகள் இழந்தது சுமார் 500 கோடி டாலர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மிச்சமிருந்த விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. 2005-இல் அமெரிக்காவில் இருந்த பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை என்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு.

மூடியவற்றைவிட மூடாமல் பெயருக்கு ஓடிக்கொண்டிருப்பவைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பத்திரிகை மூடினால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். பத்திரிகையின் பெயர் இருக்கிறது, காலையில் வந்து விழுகிறது, ஆனால் உள்ளே ஊரைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால், ஊரில் ஒன்றும் நடக்கவில்லை போலும் என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். இத்தகைய பத்திரிகைகளை, பல ஊர்ப் பத்திரிகைகளைக் கையில் வைத்திருக்கும் பெரிய சங்கிலி நிறுவனங்களும் முதலீட்டு நிதியங்களும் வாங்கி, கட்டடத்தை விற்று, ஆட்களைக் குறைத்து, பக்கங்களை வேறெங்கோ ஓரிடத்தில் வடிவமைத்து அனுப்புகின்றன. அமெரிக்காவின் மிகப் பெரிய சங்கிலியான கானெட், 2023-இல் பள்ளி விளையாட்டுச் செய்திகளைக் கணினியை வைத்தே எழுத வைத்துப் பார்த்தது. ஒஹையோவில் அதன் நாளிதழ் ஒன்றின் தளத்தில் வெளியான செய்தியில் ஜெயித்த அணியின் பட்டப்பெயர் வர வேண்டிய இடத்தில் நிரப்பப்படாத வெற்றுக் குறியீடு சதுர அடைப்புக்குறிகளோடு அப்படியே நின்றது. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. எழுதியதையும் யாரும் படிக்கவில்லை. நிறுவனம் பிறகு அந்த முயற்சியை நிறுத்தி வைத்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் அது என்பதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

சரி, பத்திரிகை தரம் கெட்டால் அரசியலில் அப்படி என்ன மாறிவிடும்? இதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வந்த சின்சினாட்டி போஸ்ட் என்ற நாளிதழ் 2007 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அது பெரிய பத்திரிகை அல்ல. கடைசிக் காலத்தில் அதன் விற்பனை சுமார் 27,000 பிரதிகள்தான். அதே நகரத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய போட்டிப் பத்திரிகை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மாநிலத்தில் இருந்த புறநகர்களை அதிகம் கவனித்தது போஸ்ட்தான். அது நின்ற பிறகு, அந்தப் பத்திரிகையை அதிகம் நம்பியிருந்த புறநகர்களில் உள்ளூர்த் தேர்தலில் நிற்க முன்வருபவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் மறுபடி ஜெயிப்பது கூடியது. வாக்களிக்க வந்தவர்களும் குறைந்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் இதைப் பதிவு செய்தார்கள்.

இதில் நான் முதலில் கவனிப்பது வாக்குச் சதவீதத்தை அல்ல, போட்டியிட ஆள் குறைந்ததைத்தான். பதவியில் இருப்பவர் என்ன தவறு செய்தார் என்பது பொதுவில் வந்தால்தான் அவரை எதிர்த்து நிற்க இன்னொருவருக்குத் தைரியமும் காரணமும் கிடைக்கும். பேச எதுவுமே இல்லாவிட்டால் பணமும் பெயரும் உள்ளவர்தான் நிற்பார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல் நகரம் சாட்சி. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டி, சுமார் 36,000 பேர் வாழும், உழைப்பாளிகள் அதிகமுள்ள ஏழை ஊர். அங்கே தொடர்ந்து போய் உட்கார ஒரு நிருபர் இல்லை. 2005-இல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தி, மன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் விதித்த வரம்பிலிருந்து நகரத்தை விடுவித்துக்கொண்டார்கள். அதில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவஸ் இருவரும் பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றைத் தோண்டும்போதுதான் பெல் நகரம் அவர்கள் கண்ணில் பட்டது. நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அந்த நாட்டு அதிபரின் சம்பளமே 4,00,000 டாலர்தான். பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் ஐவரில் நால்வர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் மக்கள் திரண்டு வந்து மன்றத்தை முற்றுகையிட்டார்கள், பதவிகள் போயின, ரிஸ்ஸோ சிறைக்குப் போனார். அந்தச் செய்திகளுக்கு 2011-இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய பரிசான புலிட்சர் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மன்ற உறுப்பினர்கள் எடுத்த பணம் ரகசியக் கணக்கிலிருந்து போகவில்லை. கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, காகிதத்தில் எழுதி வைத்துத்தான் எடுத்தார்கள். மாதாமாதம் அந்தக் கூட்டத்துக்குப் போகும் ஒரு சாதாரண நிருபர் இருந்திருந்தால் அங்கே இவ்வளவு துப்பறியும் வேலை தேவைப்பட்டிருக்காது.

கடன் கொடுப்பவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பகுதியின் பத்திரிகை மூடப்பட்ட பிறகு அங்குள்ள உள்ளாட்சிகள் வெளியிடும் கடன் பத்திரங்களுக்கான வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை ஏறியதாக நிதித்துறை ஆய்வாளர்கள் கண்டார்கள். பார்க்கச் சின்ன எண். பல கோடி டாலர் கடனுக்குப் பல ஆண்டுகள் அந்த வட்டியைக் கட்டும்போது சின்னதல்ல. கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில் பணம் போட ஆபத்துக் கூலி கேட்கிறது சந்தை. பத்திரிகைக்குக் காசு கொடுக்காத ஊர் அந்தக் காசை வேறு வழியில் வரியாகக் கட்டுகிறது.

ஆனால் ஊழலைவிட ஆழமான விளைவு ஒன்று உண்டு. அது மக்கள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்பது. உங்கள் வார்டு கவுன்சிலர் குடிநீர்க் குழாய் விஷயத்தில் என்ன பேசினார், குப்பைக் கிடங்குத் தீர்மானத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரியாது. தெரிந்தது அவர் கட்சி மட்டும்தான். அப்போது எதை வைத்து வாக்களிப்பீர்கள்? கட்சிக் கொடியை வைத்துத்தான். தலைநகரச் சண்டை அப்படியே தெருவுக்கு இறங்கி வருகிறது. பத்திரிகை மூடப்பட்ட பகுதிகளில், அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று ஆளைப் பார்த்துப் பிரித்து வாக்களிப்பது குறைந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரதிநிதிகள் பக்கமும் அதேதான். தொகுதியின் எல்லையும் பத்திரிகை விற்கும் எல்லையும் பொருந்தாமல் போய், செய்தியில் அதிகம் அடிபடாத அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதிக்காகக் குறைவாக உழைத்தார்கள், அந்தத் தொகுதிகளுக்கு வந்த மத்திய அரசுப் பணமும் குறைவாக இருந்தது என்று ஸ்னைடர், ஸ்ட்ரோம்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் எழுதினார்கள். குழாய் போட்டதை யாரும் எழுதப்போவதில்லை, தொலைக்காட்சி விவாதத்தில் கத்தினால் நாடே பார்க்கும் என்றால் எந்த அரசியல்வாதி குழாயைப் பற்றிக் கவலைப்படுவார்?

இதற்கு எதிர்த் திசையில் ஒரு சின்ன சோதனையும் நடந்தது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் வரும் டெசர்ட் சன் என்ற நாளிதழ், 2019 ஜூலை மாதம் முழுக்கத் தன் கருத்துப் பக்கத்தில் நாடு தழுவிய கட்சி அரசியலை நிறுத்திவிட்டு ஊர் விஷயங்களை மட்டும் போட்டது. போக்குவரத்து, கட்டடங்கள், கலை நிகழ்ச்சிகள், சுற்றுச்சூழல் என்று வாசகர் கடிதங்கள் வந்தன. வேறொரு ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் மீதான வெறுப்பு இங்கே வளர்வது மட்டுப்பட்டதைக் கண்டார்கள். ஒரே ஒரு மாதம், ஒரே ஒரு பக்கம்.

தரம் கெடுவதில் இன்னொரு வகையும் உண்டு: இடத்தையே விற்பது. இந்தியாவில் 2009 தேர்தல்களின்போது, போட்டிப் பத்திரிகைகளில் ஆட்சியிலிருந்த தலைவரைப் புகழும் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக் காட்டினார். விளம்பரம் என்ற குறிப்பே இல்லாமல் செய்தி வடிவில் வந்தவை அவை. அதற்கு முன்பு நடந்த 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் இப்படி வந்த செய்திகளுக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினரைத் தேர்தல் ஆணையம் 2011 அக்டோபரில் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. வேட்பாளர் தண்டிக்கப்பட்டார். ஆனால் அந்தச் செய்தியை நம்பி வாக்களித்தவர்களுக்கு அந்த வாக்கு திரும்பி வரப்போவதில்லை. பணம் கொடுக்காத வேட்பாளரின் பெயர் பக்கத்திலேயே வராமல் போனதுதான் அதைவிடப் பெரிய கொடுமை. மறுபடியும் வராத செய்தி.

சில சமயம் உள்ளூர்ப் பத்திரிகை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும், கேட்க ஆள் இருக்காது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் நார்த் ஷோர் லீடர் என்று ஒரு சின்ன வார இதழ். நாடாளுமன்ற வேட்பாளர் ஜார்ஜ் சான்டோஸின் சொத்துக் கணக்கு இரண்டே ஆண்டுகளில் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் வரை எப்படி உயர்ந்தது என்று அது 2022 தேர்தலுக்கு முன்பே கேட்டது. பெரிய பத்திரிகை எதுவும் அதைத் தொட்டு எழுதவில்லை. நவம்பரில் அவர் ஜெயித்தார். டிசம்பர் 19-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அவருடைய பொய்களை வெளியிட்டது. 2023 டிசம்பரில் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சின்னப் பத்திரிகையில் கிளம்பும் செய்தியைப் பெரிய பத்திரிகையின் உள்ளூர் நிருபர் படிப்பார், அவர் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வார், அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போகும். இடையில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் மொத்தமும் நின்றுவிடும்.

இன்னும் கொடிய உதாரணம் லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 2017 ஜூன் 14-ஆம் தேதித் தீவிபத்தில் 72 பேர் இறந்தார்கள். குடியிருப்பவர்களின் குழு அதற்கு முந்தைய நவம்பரிலேயே, நிர்வாகத்தின் அலட்சியம் உயிர்ப்பலியில்தான் போய் முடியும் என்று இணையத்தில் எழுதி வைத்திருந்தது. அந்தக் கட்டடம் இருக்கும் கென்சிங்டன் பகுதியில்தான் சில தேசியப் பத்திரிகைகளின் அலுவலகமும் இருந்தது. நாங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்று மூத்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜான் ஸ்னோ அந்த ஆகஸ்டில் எடின்பரோவில் பேசும்போது வெளிப்படையாகவே கேட்டார். 'இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, மக்களே செய்தி சொல்லிவிடுவார்களே' என்று வாதாடுபவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். அங்கே மக்கள் சொன்னார்கள். நன்றாகவே சொன்னார்கள். அதை எடுத்துப்போய் அதிகாரிகள் முன் வைத்து, பதில் வரும்வரை விடாமல் நிற்கும் வேலைதான் நடக்கவில்லை.

அந்த வேலை எவ்வளவு சின்ன இடத்திலிருந்தும் நடக்கும் என்பதற்கு ஹரியானாவின் சிர்சாவில் ராம் சந்தர் சத்ரபதி நடத்திய 'பூரா சச்' என்ற இந்தி மாலைப் பத்திரிகையே போதும். தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் மீது பாலியல் குற்றம் சாட்டிய பெயரில்லாக் கடிதத்தை 2002-இல் அது வெளியிட்டது. சில மாதங்களில் சத்ரபதி சுடப்பட்டு இறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017-இல், அந்தத் தலைவர் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டார். பெரிய பத்திரிகைகளுக்கு இருக்கும் வழக்கறிஞர் படை, காப்பீடு, பெயர் எதுவும் இல்லாதவர் செய்த வேலை அது. உள்ளூர் நிருபர் தினமும் சந்திக்கும் மனிதர்களைப் பற்றியே எழுத வேண்டியவர் என்பதைத் தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பழைய பத்திரிகைகள் எல்லாம் உத்தமமாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களே அவற்றின் முதலாளிகளாக இருந்தார்கள், ஏழைகள் குற்றச் செய்தியில் மட்டும் இடம்பிடித்தார்கள். கென்டக்கியின் லெக்சிங்டன் ஹெரால்ட்-லீடர் நாளிதழ் 2004 ஜூலை 4 அன்று முதல் பக்கத்தில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைத் தன் முன்னோடிப் பத்திரிகைகள் எழுதாமல் விட்டதற்காக வருத்தம் தெரிவித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம். ஆனால் அப்படித் திருத்தம் போடவும் ஒரு பத்திரிகை உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

மாற்று வழிகளும் முளைத்திருக்கின்றன. பிரிட்டனில் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் பிபிசிக்குக் கட்டும் உரிமக் கட்டணப் பணத்தில், மன்றக் கூட்டங்களைக் கவனிப்பதற்கென்றே சுமார் 165 நிருபர்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைத் திட்டத்தில் சேர்ந்த எல்லாப் பத்திரிகைகளும் எடுத்துக்கொள்ளலாம். பொதுப் பணம், ஆனால் எதை எழுத வேண்டும் என்று அரசு சொல்ல முடியாது. அரசு விளம்பரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் பத்திரிகையை ஆட்டிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். சிகாகோவில் சிட்டி பீரோ என்ற அமைப்பு, சாதாரணக் குடிமக்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்துப் பொதுக் கூட்டங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் குறிப்பெடுத்து வந்ததைச் சரிபார்த்து வெளியிடுகிறது. டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற நகரங்களுக்கும் இது பரவியிருக்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது முயற்சி மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் செய்திக்கான மூலப்பொருள்தான். அதைப் படித்து, இந்த ஒப்பந்தம் ஏன் மறுபடியும் நீட்டிக்கப்படுகிறது என்று தொலைபேசியை எடுத்துக் கேட்க ஒருவர் வேண்டும். கேட்டதற்காக மிரட்டல் வந்தால் அவருக்குத் துணை நிற்க ஒரு ஆசிரியர் வேண்டும். வழக்கு வந்தால் செலவைத் தாங்க ஒரு நிறுவனம் வேண்டும். அந்த மூன்றுக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். வாசகர்கள் பாதியையாவது தர முன்வந்தால்தான் மீதிப் பாதியை அறக்கட்டளைகளிடமோ அரசிடமோ தலைகுனியாமல் கேட்க முடியும்.